கொடுத்த எழுத்துகளை வைத்து நீளமான ஆங்கிலச் சொல் கண்டுபிடிப்பது எப்படி?

வி, எச், எம், ஜி. இந்த நான்கு எழுத்தும் சொல்லுக்குள் எங்காவது இருக்க வேண்டும். கூடவே வேறு எந்த எழுத்தும் வரலாம். சொல் எவ்வளவு நீளமோ அவ்வளவு நல்லது.

இப்படி ஒரு கேள்வி வந்தால் முதலில் மனதில் ஒன்றும் தோன்றாது. அகராதியைக் கரைத்துக் குடித்தவர்களுக்குத்தான் இது வரும் என்று விட்டுவிடுவோம். ஆனால் நீளமான சொல்லை யாரும் முழுசாக நினைவிலிருந்து எடுப்பதில்லை. துண்டு துண்டாக ஒட்டித்தான் கட்டுகிறார்கள். அந்த ஒட்டும் வேலையை இந்த நான்கு எழுத்தையே வைத்துப் பார்ப்போம். ஒரு தாளும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 1: கேள்வி எந்த வகை என்று பாருங்கள்

சி, ஏ, ஆர் என்று மூன்று எழுத்து கொடுத்தால் அதற்கு மூன்று விதமாகப் பொருள் கொள்ளலாம். எழுத்துகள் எங்கேயாவது இருந்தால் போதும் என்றால் 'ஆர்க்' (ஏ, ஆர், சி) கூட சரி. அதே வரிசையில்தான் வர வேண்டும் என்றால் 'ஆர்க்' போய்விடும், 'சார்ட்' (சி, எச், ஏ, ஆர், டி) நிற்கும். கொடுத்த எழுத்துகளை மட்டுமே பயன்படுத்தலாம் என்றால் 'சார்ட்'டும் போய்விடும். ஸ்பெல்லிங் பீ என்ற விளையாட்டில் இன்னொரு மாதிரி: ஏழு எழுத்துகளுக்குள்தான் ஆட வேண்டும், ஆனால் ஒரே எழுத்தை எத்தனை முறை வேண்டுமானாலும் போடலாம், நடு எழுத்து கட்டாயம் வர வேண்டும்.

நம் கேள்வி முதல் வகை. ஒரே எழுத்தை இரண்டு முறை கொடுத்திருந்தால் சொல்லிலும் அது இரண்டு முறை வர வேண்டும். இதை மறந்துவிட்டுத் தவறான விடை சொல்பவர்கள் நிறைய.

படி 2: அரிதான எழுத்தை முதலில் பிடியுங்கள்

இ, ஏ, ஐ, ஓ, என் போன்றவற்றைப் பற்றிக் கவலையே வேண்டாம், நீளமான சொல்லில் அவை தானாக வந்து உட்கார்ந்துவிடும். எது அரிது என்று தெரிய, எழுத்துக் காய்களை அடுக்கிச் சொல் கட்டும் ஸ்கிராபிள் விளையாட்டின் பெட்டியே போதும். ஆங்கில ஸ்கிராபிளின் 100 காய்களில் இ மட்டும் 12. வி, எச், எம் தலா 2, ஜி 3. ஜே, கே, க்யூ, எக்ஸ், இசட் ஒவ்வொன்றுதான்.

நம் நான்கில் பிடிவாதமானது வி. எச் எப்படியாவது இன்னோர் எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். வி அப்படி இல்லை. ஆங்கிலச் சொல் வி-யில் முடிவது அபூர்வம், பெரும்பாலும் பின்னால் ஓர் இ நிற்கும்: ஹேவ், கிவ், மூவ், சர்வ். இந்த வேர்களைத் தாளின் நடுவில் எழுதுங்கள். முன்னால் ஒட்டும் 'ஓவர்' என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள், அதிலும் வி இருக்கிறது.

படி 3: தலையும் வாலும் ஒட்டுங்கள்

தமிழ் பேசும் நமக்கு இது கைவந்த கலை. 'வந்துகொண்டிருந்தவர்களிடமிருந்து' என்று யோசிக்காமல் ஒட்டிக்கொண்டே போகிறோம். ஆங்கிலத்தின் நீளமான சொற்களும் பெரும்பாலும் அப்படித்தான். 'நேஷன்' 6 எழுத்து, 'நேஷனல்' 8, 'இன்டர்நேஷனல்' 13, 'இன்டர்நேஷனலைசேஷன்' 20. மென்பொருள்காரர்கள் இதை ஐ, 18, என் என்று சுருக்கி எழுதுவது, நடுவில் 18 எழுத்து இருப்பதால்தான்.

சரி, நம் எழுத்துகளுக்கு வருவோம். ஜி-க்கு 'இங்' என்ற வால் தயாராக இருக்கிறது. 'ஹேவ்' என்ற வேரில் எச்சும் வி-யும் இருக்கின்றன. மிச்சம் எம். எம்-மில் தொடங்கும் தலை எது? 'மிஸ்'. மிஸ், ஹேவிங்... நடுவில் ஒரு 'பி' ஒலி சேர்ந்தால் 'மிஸ்பிஹேவிங்'. 11 எழுத்து, நான்கும் உள்ளே!

இதோடு நிறுத்த வேண்டாம். இப்போது 'ஓவர்' வழியாகப் போங்கள். முன்னால் ஓவர், பின்னால் இங். நடுவில் எச்சும் எம்மும் உள்ள ஒரு துண்டு வேண்டும். பலர் தடுக்கி விழும் இடம் இதுதான், ஏனென்றால் விடை காதில் விழாது. 'ஓவர்வெல்மிங்' என்று சொல்லிப் பாருங்கள், எச் கேட்கவே கேட்காது. எழுதிப் பாருங்கள், டபிள்யூவுக்கு அடுத்து உட்கார்ந்திருக்கும். 12 எழுத்து. கடைசியில் 'லி' சேர்த்தால் 'ஓவர்வெல்மிங்லி', 14.

அதனால் சொற்களைக் கண்ணால் தேடுங்கள். எச் பெரும்பாலும் டி, எஸ், சி, பி, டபிள்யூ, ஜி இவற்றுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். 'நைட்' என்பதில் ஜி, எச் இரண்டுமே ஊமை.

மற்ற அரிய எழுத்துகளுக்கும் இப்படி வாடிக்கையான இடங்கள் உண்டு. ஜே என்றால் 'ஜெக்ட்', 'ஜஸ்ட்' வேர்கள். எக்ஸ் என்றால் 'எக்ஸ்' என்ற தலை. க்யூ என்றால் 'குவெஸ்ட்': அதிலிருந்து 'அன்குவெஸ்சனப்ளி' வரை போகலாம், 14 எழுத்தில் ஐந்து உயிரெழுத்தும் ஒய்யும் வந்துவிடும். இசட் என்றால் 'ஐஸ்', 'ஐசேஷன்' வால்கள். ஆனால் இவற்றைப் பிரிட்டிஷ் வழக்கில் பலர் எஸ் போட்டு எழுதுவார்கள் என்பதால், எந்த அகராதியை ஏற்பது என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

படி 4: அகராதியில் சரிபாருங்கள்

ஒட்டும் பழக்கம் வந்துவிட்டால் இல்லாத சொற்களும் பிறக்கும். 'நெஸ்', 'எபிலிட்டி' வால்களை எல்லாவற்றிலும் ஒட்ட முடியாது.

கணினியில் தேடுவதானால்

இலவசமாகக் கிடைக்கும் எனேபிள் சொற்பட்டியலில் 1,72,000-க்கு மேல் சொற்கள் உள்ளன. எக்செல்லில் முதல் பத்தியில் சொற்களை ஒட்டுங்கள். அடுத்த பத்தியில் 'லென்' ஃபார்முலா போட்டால் எழுத்தெண்ணிக்கை வரும். அப்புறம் ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு பத்தி ஒதுக்கி 'சர்ச்' ஃபார்முலா போடுங்கள்: எழுத்து இருந்தால் அது எத்தனையாவது இடம் என்று எண் வரும், இல்லாவிட்டால் பிழை காட்டும். பிழை வந்த வரிசைகளை ஃபில்டரில் நீக்கிவிட்டு, எண்ணிக்கையைப் பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கினால் மேலே நிற்பதுதான் விடை. ஆனாலும் முதலில் தாளில் முயன்றுவிட்டு இதற்கு வாருங்கள். நீங்கள் தவறவிட்ட சொல்லைப் பட்டியலில் பார்க்கும்போது அது மறக்கவே மறக்காது.

பயிற்சிக்கு: கே, டபிள்யூ, சி, ஜி. கே-யும் டபிள்யூவும் சேர்ந்தால் 'நோ', அதாவது அறிதல். முன்னால் சி சேர்ந்து 'அக்னாலெட்ஜ்' ஆகிறது. வால் 'இங்' என்றால் 13 எழுத்து. ஆனால் ஜி ஏற்கெனவே வேரிலேயே இருக்கிறதே, 'இங்' எதற்கு? வாலை மாற்றி 'அக்னாலெட்ஜ்மென்ட்ஸ்' என்று எழுதுங்கள், ஜி-க்குப் பிறகு இ-யை விடாமல். 16 எழுத்து.