டைரியில் எழுதியும் ஏன் மறந்துபோகிறது?

ஜனவரி பிறந்தால் எங்கள் வீட்டில் குறைந்தது மூன்று டைரியாவது வந்து சேரும். பனியன் நூல் சப்ளை செய்பவர் ஒன்று தருவார், கம்பெனியில் ஒன்று, வீட்டுக்காரர் எங்கிருந்தாவது ஒன்று வாங்கி வருவார். பிள்ளையார் சுழி போட்டு, முதல் பக்கத்தில் பெயர், ரத்த வகை எல்லாம் எழுதி, பொங்கல் வரைக்கும் ஒழுங்காகப் போகும். மாசி மாதம் எடுத்துப் பார்த்தால் நடுப்பக்கங்களில் மகள் புள்ளிக் கோலம் போட்டுப் பழகியிருப்பாள்.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் 14 வருடமாகக் கணக்குப் பார்க்கிறேன். கம்பெனித் தேதிகளும் வீட்டுத் தேதிகளும் ஒரே தலைக்குள் கிடந்து முட்டிக்கொள்ளும் வாழ்க்கை. போனில் எத்தனையோ செயலி வந்தும் எனக்குப் பேனாவும் நோட்டும்தான் ஒத்துவருகிறது. ஆனால் அது ஒத்துவர நான்கைந்து வருடம் ஆனது. "எழுதி வச்சும் மறந்துட்டேன்" என்று சொல்லும் பலரைப் பார்க்கிறேன். சோம்பேறித்தனம் என்று தங்களையே திட்டிக்கொள்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எழுதியது, தேவைப்படும் நாளில் கண்ணில் படுகிற மாதிரி எழுதப்படவில்லை, அவ்வளவுதான். நான் பார்த்த தவறுகள் பெரும்பாலும் இந்த ஒன்றிலிருந்தே கிளைத்தவை.

கடைசித் தேதியை மட்டும் குறிப்பது

எங்கள் கணக்கு அறையில் ஒரு மாதம் என்பது நான்கு தேதி. 7 டிடிஎஸ் (பிடித்து வைத்த வருமான வரியைக் கட்டுவது), 11 ஜிஎஸ்டிஆர்-1 (விற்ற பில்களின் கணக்கு), 15 பிஎஃப், ஈஎஸ்ஐ (தொழிலாளர் வைப்பு நிதி, காப்பீடு), 20 ஜிஎஸ்டிஆர்-3பி (அந்த மாத ஜிஎஸ்டியைக் கணக்குக் காட்டிக் கட்டுவது). புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகள் டைரியை விரித்ததும் 20-ஆம் தேதிப் பக்கத்தில் '3பி' என்று சிவப்பில் எழுதி இரண்டு கோடு போடுவார்கள். நானும் முதல் வருடம் அப்படித்தான் செய்தேன். 20-ஆம் தேதி காலையில் பக்கத்தைத் திருப்பினால், டையிங் (சாயம் போட்ட) பில் இரண்டு இன்னும் கைக்கு வந்திருக்காது. ஒரு சப்ளையர் தன் பில்லை ஜிஎஸ்டி தளத்தில் ஏற்றியே இருக்க மாட்டார். தாமதமானால் நாளுக்கு 50 ரூபாய் கட்டணம், கட்ட வேண்டிய வரிக்கு ஆண்டுக்கு 18 சதவீதம் வட்டி.

மாதா மாதம் ரிட்டர்ன் போடும் சப்ளையர் 11-ஆம் தேதிக்குள் தன் ஜிஎஸ்டிஆர்-1-ஐப் போட்டால்தான் அந்த பில் எங்களுக்கு 14-ஆம் தேதி வரும் 2பி-யில், அதாவது வாங்கிய பில்களில் எந்த வரியைக் கழித்துக்கொள்ளலாம் என்று காட்டும் பட்டியலில், தெரியும். அப்படியென்றால் அவருக்குப் போன் போட வேண்டிய நாள் 9. ஆக 20-ஆம் தேதி வேலைக்கு என் நோட்டில் முதல் வரி 9-ஆம் தேதிப் பக்கத்தில் இருக்கும்: 'பில் ஏற்றிவிட்டாரா, கேள்.' அடுத்த வரி 15-ல்: '2பி ஒத்துப் பார்.' 20-ஆம் தேதிப் பக்கத்தில் எழுத எதுவுமே மிச்சம் இருக்காது.

வீட்டுக்கும் இதே கணக்குத்தான். ஆவணியில் தங்கச்சி கல்யாணம் என்றால் முகூர்த்த நாளை யாரும் மறக்கப்போவதில்லை. மறப்பது, ஜாக்கெட் துணியைத் தையல்காரரிடம் கொடுக்கும் நாளை. முகூர்த்த மாதத்தில் அவர் மூன்று வாரமாவது கேட்பார். வீட்டு வரியை ஏப்ரல் 30-க்குள்ளும் அக்டோபர் 31-க்குள்ளும் கட்டினால் மாநகராட்சி, நகராட்சிகளில் 5 சதவீதம் ஊக்கத்தொகை உண்டு, அதிகபட்சம் 5,000 ரூபாய். அதை ஏப்ரல் 30-ஆம் தேதிப் பக்கத்தில் எழுதி என்ன பயன்? அன்றைக்குச் சம்பளப் பணம் கையில் இருக்காது. சம்பளம் வரும் வாரத்தில் எழுத வேண்டும்.

'பேங்க்' என்று ஒரே சொல்லாக எழுதுவது

இந்த ஒரு சொல் என் நோட்டில் பதினொரு நாள் பக்கம் விட்டுப் பக்கம் நகர்ந்தது. தினமும் அதைப் பார்ப்பேன், தினமும் ஏதோ ஒரு சலிப்பு, அப்புறம் அடுத்த வேலைக்குப் போய்விடுவேன். பன்னிரண்டாம் நாள் உட்கார்ந்து, 'பேங்க்' என்றால் என்ன என்று எழுதிப் பார்த்தேன். அத்தையின் பென்ஷன் கணக்குக்குக் கேஒய்சி (அடையாள விவரம்) கொடுக்க வேண்டும். அதற்கு ஆதார் நகல், பான் நகல், இரண்டு போட்டோ. போட்டோ வீட்டில் இல்லை, எடுக்க வேண்டும். அத்தையை ஆட்டோவில் கூட்டிப்போக வேண்டும், அதற்கு எனக்கு அரை நாள் வேண்டும். சனிக்கிழமைதான் முடியும். இரண்டாவது, நான்காவது சனி பேங்க் விடுமுறை. அப்படியென்றால் வரும் மூன்றாவது சனி. ஒரே சொல்லுக்குள் ஐந்து வேலை இருந்திருக்கிறது. நான் தள்ளிப்போட்டதில் ஆச்சரியம் இல்லை.

பிறகு எழுதியது இப்படி: 'புதன், ஆபீஸ் விட்டு வரும்போது அத்தை போட்டோ.' 'வெள்ளி ராத்திரி, நகல்களைக் கவரில் போட்டு ஹேண்ட்பேக்கில் வை.' 'சனி 10.30, அத்தையோடு பேங்க்.' அந்தச் சனிக்கிழமையே முடிந்தது.

மாசிகாம்போ, பாமைஸ்டர் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2011-ல் இதைப் பற்றி ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். முடிக்காத வேலை, வேறு வேலை செய்யும்போதும் நடுவில் வந்து மனதைக் கலைக்கிறது. எப்போது, எப்படிச் செய்வேன் என்று தெளிவாகத் திட்டம் எழுதிக்கொண்டவர்களுக்கு, வேலை முடியாமலே அந்தத் தொந்தரவு அடங்கிவிட்டது. 'பேங்க்', 'ஸ்கூல்', 'டாக்டர்' என்று எழுதி வைத்துவிட்டு மனசு லேசாகவில்லையே என்று நினைப்பவர்கள் இதை யோசித்துப் பார்க்கலாம். எழுதும் வரியில் ஒரு வினைச்சொல் இருக்கட்டும்: கேள், கொடு, வாங்கு, போன் செய். கையில் எதைக் கொண்டுபோக வேண்டும் என்பதும் அதே வரியில் இருக்கட்டும்.

இதோடு ஒட்டிய இன்னொரு தவறு, ஒரு நாளில் பதினைந்து வேலையை அடுக்குவது. 1994-ல் ரோஜர் பியூலரும் உடன் ஆய்வாளர்களும் 37 மாணவர்களிடம், ஆய்வேட்டை எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாக 34 நாள் என்றார்கள். முடிக்க ஆனது 55 நாளுக்கு மேல். நமக்குத் தெரிந்த வேலையிலேயே நம் மதிப்பீடு இவ்வளவு தப்பும்போது, நடுவில் காய்ச்சலும் விருந்தாளியும் கரண்ட் கட்டும் வரும் வீட்டில் பதினைந்து எப்படி நடக்கும்? கட்டாயம் முடிய வேண்டியது மூன்று. அதற்குக் கீழே கோடு போட்டு, முடிந்தால் பார்க்கலாம் என்று மற்றவை.

முடியாததை அந்தப் பக்கத்திலேயே விட்டுவிடுவது

செவ்வாய்க்கிழமை முடியாத வேலை செவ்வாய்க்கிழமைப் பக்கத்திலேயே கிடந்தால், புதன்கிழமை முதல் அது உங்களுக்குக் கிடையாது. யாரும் பின்பக்கம் திருப்பிப் பார்ப்பதில்லை. நியூயார்க்கில் வடிவமைப்பாளராக இருந்த ரைடர் கேரல் 2013-ல் வெளியிட்ட புல்லட் ஜர்னல் முறையில் எனக்குப் பிடித்தது இதற்கான சின்ன ஏற்பாடுதான். வேலைக்கு முன்னால் ஒரு புள்ளி. முடிந்தால் அதன்மேல் பெருக்கல் குறி. முடியாமல் அடுத்த பக்கத்துக்குக் கொண்டுபோனால் வலப்பக்கம் பார்க்கும் அம்புக்குறி. வெறும் புள்ளியாக எதுவும் மிஞ்சக் கூடாது. கையால் திரும்ப எழுதுவது எரிச்சலாகத்தான் இருக்கும். அந்த எரிச்சல் நல்லது. ஒரே வேலையை மூன்றாவது தடவை எழுத நேர்ந்தால் நான் நிறுத்தி யோசிப்பேன்: இது நிஜமாகவே வேண்டுமா, வேறு யாராவது செய்வார்களா, இல்லை உள்ளே இன்னும் நான்கு வேலை ஒளிந்திருக்கிறதா?

நாள் விட்டு நாள் கொண்டுபோவதைவிட வருடம் விட்டு வருடம் கொண்டுபோவதில்தான் பெரிய நஷ்டம் நடக்கிறது. என் ஸ்கூட்டர் இன்சூரன்ஸ் ஏப்ரல் 9-ல் முடியும் என்று பழைய டைரியில் தெளிவாக எழுதி வைத்திருந்தேன். ஜனவரியில் புது டைரி வந்தது, பழையது பேப்பர்க்காரரிடம் எடைக்குப் போனது. ஆகஸ்டில் சர்வீஸ் விடும்போது வண்டியின் காகிதங்களைப் பார்த்தேன். நான்கு மாதம் இன்சூரன்ஸ் இல்லாமல் மகளைப் பின்னால் உட்காரவைத்து ஓட்டியிருக்கிறேன். அதை நினைத்தால் இன்றும் வயிறு கலங்குகிறது. 90 நாள் தாண்டிவிட்டதால், அத்தனை வருடம் க்ளெய்ம் கேட்காமல் சேர்த்த நோ க்ளெய்ம் போனஸும் (பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி) போனது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு நோட்டின் முதல் இரண்டு பக்கமும் வருடப் பக்கம். வண்டி இன்சூரன்ஸ், புகைச் சான்றிதழ், ஆயுள் காப்பீட்டு பிரீமியம், வீட்டு வரி. காஸ் அடுப்பு டியூபை ஐந்து வருடத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும், அந்த வருடம். பிள்ளைகளின் ஆதாரில் 5 வயதிலும் 15 வயதிலும் கைரேகை புதுப்பிக்க வேண்டும், அந்த மாதம். டிசம்பர் கடைசி வாரம் பழைய நோட்டையும் புது நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இந்தப் பக்கத்தை நகல் எடுத்து முடிக்கும்வரை, பழைய நோட்டு எடைக்குப் போகாது. அந்தப் பக்கத்தைப் போனில் ஒரு படமும் எடுத்துவைத்துவிடுவேன்.

எந்த நோட்டு, எத்தனை நோட்டு

ஆபீசுக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று, பர்ஸில் துண்டுச்சீட்டு, பிரிட்ஜ் மேல் ஒட்டிய மஞ்சள் தாள். எதில் எழுதினோம் என்று தேடுவதே ஒரு வேலையாகிவிடும். நாள் ஒன்றுதான், அதனால் நோட்டும் ஒன்று போதும். விரித்தால் இடப்பக்கம் ஆபீஸ், வலப்பக்கம் வீடு. இரண்டையும் ஒரே பார்வையில் பார்த்தால்தான், ஷிப்மென்ட் போகும் நாளில் பிடிஏ மீட்டிங்குக்கு வருகிறேன் என்று டீச்சரிடம் சொல்லாமல் இருப்போம்.

தண்ணீர் குடித்த கணக்கு, மனநிலை, நன்றி சொல்ல மூன்று வரி என்று கட்டம் கட்டமாக அச்சடித்த விலை கூடிய பிளானர்கள் வருகின்றன. அழகுதான். ஆனால் நிரப்பாத கட்டம் தினமும் நம்மைக் குற்றவாளியாகப் பார்க்கும், ஒரு வாரம் கழித்து நோட்டைத் திறக்கவே மனசு வராது. கெட்டி அட்டை போட்ட சாதாரண கோடு போட்ட நோட்டு, ஹேண்ட்பேக்கில் அடங்கும் அளவு, தாள் 70 ஜிஎஸ்எம் (தாளின் கனம்) இருந்தால் மை பின்பக்கம் அவ்வளவாக ஊறாது. சமையலறையில் ஈரக் கையோடு எழுதுகிறவர்கள் ஜெல் பேனாவைத் தவிர்க்கவும், பல ஜெல் மைகள் ஒரு சொட்டுத் தண்ணீரில் கலைந்துவிடும். மிக்ஸி, போன் வாங்கிய பில்லை அப்படியே ஒட்டிவைத்து நம்பியும் இருக்காதீர்கள். கடை மெஷினில் வரும் வழவழப்புத் தாள் சில மாதங்களில் வெளுத்துவிடும், அதன்மேல் பசையோ செல்லோ டேப்போ பட்டால் இன்னும் சீக்கிரம். பில் எண், தேதி, வாரண்டி முடியும் மாதம் மூன்றையும் பேனாவால் எழுதிக்கொள்ளுங்கள்.

ஏடிஎம் பின், பாஸ்வேர்ட் இரண்டையும் இந்த நோட்டில் எழுதவே கூடாது. பஸ்ஸில் தொலையக்கூடிய பொருள் இது.

பார்ப்பதற்கு நேரம் வைக்காதது

எழுத நேரம் தனியாக வேண்டாம், வரும்போது எழுதலாம். பார்க்க நேரம் வேண்டும். 'காலையில் பார்ப்பேன்' என்று சொல்லிக்கொள்பவர்கள் பெரும்பாலும் பார்ப்பதில்லை. ஏற்கெனவே நடக்கும் ஒரு வேலையோடு முடிச்சுப் போட வேண்டும். எனக்கு அது பால் காயும் நேரம். அடுப்பை விட்டு நகர முடியாத அந்த ஐந்து நிமிடத்தில் மேடையில் நோட்டு விரிந்திருக்கும். ஞாயிறு சாயங்காலம் கால் மணி நேரம், வரும் வாரமும் வருடப் பக்கமும். இந்த இரண்டும் விட்டுப்போன வாரங்களில் எவ்வளவு நன்றாக எழுதியிருந்தாலும் ஏதாவது ஒன்று தவறியிருக்கிறது.

நோட்டு கூப்பிட்டுச் சொல்லாது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். மணிக்கணக்கில் கொடுக்கும் மருந்து, ரயில் டிக்கெட் திறக்கும் நேரம் போன்றவற்றுக்குப் போன் அலாரம்தான். இதில் பிடிவாதம் வேண்டாம்.

கடைசியாக ஒன்று, எனக்கு இது முக்கியம். வீட்டில் எல்லோருடைய தேதிகளும் ஒரே பெண்ணின் நோட்டில் இருந்தால், அவள் நோட்டு தொலைந்தாலோ அவளுக்குக் காய்ச்சல் வந்தாலோ வீடே நின்றுபோகும். என் அம்மா மாதக் காலண்டரில் பால் கணக்கு எழுதுவாள். அரை லிட்டர் கூட வாங்கிய நாளில் ஒரு பெருக்கல், பால் வராத நாளில் ஒரு சுழி. அது யார் கண்ணுக்கும் படும் சுவரில் இருந்தது, அதனால் அவள் ஊருக்குப் போனாலும் அப்பா பால்காரரிடம் சரியாகக் கணக்குத் தீர்ப்பார். அதை நினைத்துத்தான் எங்கள் பிரிட்ஜ் பக்கத்திலும் பெரிய கட்டம் போட்ட காலண்டர் ஒன்றை மாட்டி, நூலில் ஒரு பேனாவைக் கட்டித் தொங்கவிட்டேன். மூன்று மாதம் என் கையெழுத்து மட்டும்தான் இருந்தது. நானும் மற்றவர்களுக்காக எழுதுவதை நிறுத்திவிட்டேன். இந்த மாதம் 12-ஆம் தேதிக் கட்டத்தில் வீட்டுக்காரர் எழுத்தில் 'சிலிண்டர் புக் பண்ணியாச்சு' என்று இருக்கிறது. 22-ல் அத்தை கொஞ்சம் நடுங்கிய எழுத்தில் 'பிரஷர் மாத்திரை 4 தான் இருக்கு' என்று எழுதியிருக்கிறார்.