பழைய ஆம்ப்ளிஃபையரின் பவர் சப்ளையை வேறு வேலைக்கு எடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாடாமல் மூலையில் கிடக்கும் ஆம்ப்ளிஃபையரில் பெரும்பாலும் செத்திருப்பது அவுட்புட் ஐசியோ டிரான்சிஸ்டரோதான். டிரான்ஸ்ஃபார்மர், பிரிட்ஜ் (ஏசியை டிசியாக்கும் நான்கு டையோடுகள்), இரண்டு பெரிய கெப்பாசிட்டர் என்று பவர் சப்ளை பகுதி நன்றாகவே இருக்கும். அதைக் காயலான் கடையில் எடைக்குப் போட மனசு வராது, போடவும் வேண்டாம். ஆனால் அது பாட்டுக்காகவே செய்யப்பட்டது. அதை மறந்துவிட்டு வேறு வேலை கொடுக்கும்போதுதான் பொருள்கள் புகைகின்றன.

முதல் தவறு, டிரான்ஸ்ஃபார்மரில் எழுதியிருக்கும் எண்ணை அப்படியே நம்புவது. 24-0-24 என்றால் நடு வயரான '0'-விலிருந்து இரண்டு பக்கமும் 24 வோல்ட், அதுவும் ஏசி கணக்கு. பிரிட்ஜும் கெப்பாசிட்டரும் தாண்டி வரும்போது அது 1.414 மடங்காகிறது. டையோடில் ஒரு வோல்ட் போனாலும் ஒவ்வொரு பக்கமும் சுமார் 33 வோல்ட் டிசி நிற்கும். லோடு இல்லாதபோது இன்னும் சில வோல்ட் கூடும், வீட்டு கரண்ட் 230-ஐத் தாண்டினால் அதற்கும் மேல். பிளஸ்ஸுக்கும் மைனஸுக்கும் நடுவே அளந்தால் 70 வோல்ட் வரை காட்டும். வோல்ட்டேஜைக் குறைத்துத் தரும் எல்எம்2596 மாட்யூலின் உள்ளீட்டு வரம்பு 40 வோல்ட், 12 வோல்ட் ரெகுலேட்டர் ஐசியான 7812-க்கு 35. '24 வோல்ட்தானே' என்று இரண்டு முனைகளுக்கும் நடுவே எல்எம்2596-ஐ மாட்டினால் ஸ்விட்ச் போட்ட கணமே அது போய்விடும். சிறிய 12-0-12 கூட ஒரு பக்கத்துக்கு 16 வோல்ட் தரும். அதில் 12 வோல்ட் பேட்டரியை நேரடியாக சார்ஜ் போடவே கூடாது. 14.4 வோல்ட்டோடு நிற்க வேண்டியது நிற்காமல் ஏறிக்கொண்டே போய் ஆசிட்டைக் கொதிக்க வைத்துவிடும். எதை இணைப்பதாக இருந்தாலும் முதலில் மல்டிமீட்டரை வைத்து, லோடு இல்லாமல் ஒரு முறையும் லோடோடு ஒரு முறையும் அளந்து பாருங்கள்.

ஆம்பியர் விஷயத்தில் ஏமாற்றம் இன்னும் பெரிது. கெப்பாசிட்டர் எப்போதும் சீராகக் கரண்ட் இழுப்பதில்லை. ஒவ்வொரு அலையின் உச்சியிலும் மட்டும் குறுகிய நேரத்தில் பெரிதாக இழுக்கும். அந்தத் துடிப்புகள் டிரான்ஸ்ஃபார்மரின் கம்பிச் சுற்றைக் கூடுதலாகச் சூடாக்குவதால், 5 ஆம்பியர் டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து தொடர்ந்து எடுக்கத் தகுந்த டிசி சுமார் 3 ஆம்பியர்தான். அப்புறம் இன்னொன்று: பாட்டு எப்போதும் உச்ச சத்தத்தில் ஓடாது. அதனால் கம்பெனிக்காரர்கள் சராசரிச் சுமைக்கு ஏற்ற டிரான்ஸ்ஃபார்மரைத்தான் வைத்திருப்பார்கள். பெட்டியின் மேல் ஆயிரக்கணக்கில் பிஎம்பிஓ வாட்ஸ் (விளம்பரத்துக்காகப் போடும் உச்ச அளவு) என்று போட்டிருப்பதைக் கணக்கிலேயே சேர்க்காதீர்கள். எல்இடி விளக்கு, மோட்டார் போல நிற்காமல் இழுக்கும் லோடு என்றால் பாதிச் சுமையில் ஒரு மணி நேரம் ஓட்டி, பிளக்கைப் பிடுங்கிவிட்டு இரும்புப் பகுதியைத் தொட்டுப் பாருங்கள். கை வைத்திருக்க முடியவில்லை என்றால் சுமை அதிகம்.

பல வருடம் சும்மா கிடந்த செட்டை நேராக பிளக்கில் சொருகுவது ஆபத்து. கெப்பாசிட்டருக்குள் இருக்கும் மெல்லிய ஆக்சைடு படலம் பலவீனமாகியிருக்கும். திடீரென முழு வோல்ட்டேஜ் ஏறினால் கசிந்து, சூடாகி, சில சமயம் வெடிக்கும். மெக்கானிக்குகள் வைத்திருக்கும் சீரிஸ் லாம்ப் இதற்கு அருமையான வழி. 60 வாட்ஸ் பழைய குண்டு பல்பை மெயின் லைனில் தொடராக மாட்டுங்கள், எல்இடி பல்ப் உதவாது. ஸ்விட்ச் போட்டதும் பல்ப் ஒரு முறை பளிச்சென்று எரிந்து மங்கினால் சரி. பிரகாசமாகவே நின்றால் உள்ளே ஷார்ட். தலை உப்பிய கெப்பாசிட்டரை சோதிக்கவே வேண்டாம், மாற்றிவிடுங்கள்.

பிளக்கைப் பிடுங்கியதும் கை வைப்பதும் கூடாது. சில நேரம் கெப்பாசிட்டர் பல நிமிடங்களுக்கு சார்ஜைப் பிடித்து வைத்திருக்கும். ஸ்க்ரூ டிரைவரால் ஷார்ட் செய்தால் முனையும் கருகும், கண்ணுக்கும் ஆபத்து. 470 ஓம் 5 வாட்ஸ் ரெசிஸ்டரை ஒவ்வொரு கெப்பாசிட்டரின் குறுக்கேயும் அரை நிமிடம் பிடித்துவிட்டு மீட்டரால் உறுதி செய்யுங்கள்.

பிளஸ்ஸையும் மைனஸையும் மட்டும் எடுத்து ஒரே சப்ளையாக்கும்போது பலர் நடு வயரைக் கவனிப்பதில்லை. அந்த '0' ஏற்கெனவே இரும்புப் பெட்டியில் ஸ்க்ரூ போட்டு முடுக்கப்பட்டிருக்கலாம். புது போர்டின் மைனஸோ, ஆடியோ கேபிளின் வெளி உறையோ அந்தப் பெட்டியைத் தொட்டால் '0'-வுக்கும் மைனஸுக்கும் இடையிலான கீழ்ப்பாதி முழுக்க ஷார்ட். '0'-வைப் பெட்டியிலிருந்து பிரித்து இன்சுலேட் செய்துவிடுங்கள். பெட்டிக்கு மூன்று பின் வயரின் எர்த் மட்டும் போதும். டிரான்ஸ்ஃபார்மருக்கு முன்னால் இருக்கும் ஃபியூஸ் போனால் அதே அளவில்தான் மாற்ற வேண்டும், செம்புக் கம்பி சுற்றக் கூடாது.

வளைய வடிவ டோராய்டு என்றால் நடு போல்ட்டின் மேல் முனை பெட்டி மூடியைத் தொடக் கூடாது. தொட்டால் போல்ட்டும் பெட்டியும் சேர்ந்து ஒரு மூடிய சுற்றாகி, பெரும் கரண்ட் ஓடி, ஃபியூஸையோ டிரான்ஸ்ஃபார்மரையோ தீர்த்துவிடும். ஜப்பான் செட் 100 வோல்ட்டுக்கும் அமெரிக்க செட் 120 வோல்ட்டுக்கும் சுற்றப்பட்டிருக்கலாம். பின்புற லேபிளைப் படிக்காமல் நம் ஊர் பிளக்கில் போடாதீர்கள்.

உள்ளே கனமான டிரான்ஸ்ஃபார்மருக்குப் பதில் எஸ்எம்பிஎஸ் போர்டு (மெயின் கரண்டை நேராக டிசியாக்கி வேலை செய்யும் ஸ்விட்சிங் சப்ளை) இருந்தால், அதன் முதல் கெப்பாசிட்டரில் சுமார் 325 வோல்ட் நிற்கும். வால்வ் ஆம்ப்ளிஃபையரிலும் அதே அளவு அல்லது அதற்கு மேல் இருக்கும். இந்த இரண்டையும் அனுபவமுள்ளவர் பக்கத்தில் இல்லாமல் திறக்க வேண்டாம்.