கோட்டூ இல்லாம பிபிசி பேசிக்ல நெல் மூட்டைக் கணக்கு

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் ஏ/எல்லுக்கு பைதன் படிக்கிற தம்பி தங்கச்சிமாருக்குத்தான் இது. 1981ல பிபிசி மைக்ரோ எண்ட கம்பியூட்டரோட வந்த பேசிக் எண்ட புரோகிராம் மொழி, சோஃபி வில்சன் எழுதினது, முழு மொழியும் 16 கேபி ரொம்முக்குள்ள அடங்கிட்டு. அந்தக் காலத்துப் பேசிக் எண்டாலே கோட்டூ போட்டு லைன் நம்பருக்குப் பாயுறதுதான், இதுல ஒரு வேலைக்குப் பேர் வச்சு அந்தப் பேரச் சொல்லிக் கூப்பிடலாம், ஃபங்ஷன் விளங்காத புள்ளைக்கு இதவிட நல்ல இடம் இல்ல எண்டுதான் நான் சொல்லுவன்.

மெஷின் தேடி அலையத் தேவையில்ல, பிரவுசர்ல ஜேஎஸ்பீப் (jsbeeb) எண்டு தேடித் திறங்க, அந்த மெஷின் மாதிரியே பிரவுசருக்குள்ள ஓடும். கட்டளை எல்லாம் இங்கிலீஷ் பெரிய எழுத்து, நீங்க வைக்கிற பேரெல்லாம் சின்ன எழுத்து, கீழ தமிழ்ல எழுதியிருக்கிறதையும் இங்கிலீஷ்லதான் அடிக்கணும். டோட்டல் எண்டத பெரிய எழுத்துல அடிச்சா முன்னுக்கு இருக்கிற டூவ (TO) அது கட்டளையா எடுத்து எரர் காட்டும்.

சம்மாந்துறை வயல்ல மூட்டை நிறுக்கிறாங்க எண்டு வைங்க, கிலோவ ஒவ்வொண்டா குடுக்கணும், 0 குடுத்தா முடியணும். ப்ராக் (PROC) எண்டதுதான் பேர் வச்ச வேலை, டெஃப் (DEF) எண்ட இடத்துல அந்த வேலைய எழுதுறம், எண்ட்ப்ராக் (ENDPROC) எண்டா அது முடியுது.

10 டோட்டல்=0:கிலோ=0
20 ரிப்பீட்
30 ப்ராக்மூட்டை
40 அன்டில் கிலோ=0
50 பிரின்ட் டோட்டல்
60 எண்ட்
70 டெஃப் ப்ராக்மூட்டை
80 இன்புட் கிலோ
90 டோட்டல்=டோட்டல்+கிலோ
100 எண்ட்ப்ராக்

முதல்ல 60 வரைக்கும் எழுதுங்க, என்ன நடக்கணும் எண்டது அதுலயே இருக்கு, மறுகா கீழ போய் எப்பிடி எண்டத எழுதலாம். ப்ராக்குக்கும் பேருக்கும் நடுவுல இடைவெளி விடக்கூடாது. 60ஆம் லைன விட்டா புரோகிராம் ஓடி முடிஞ்சு அப்பிடியே ப்ராக்குக்குள்ள இறங்கி இன்னொரு கிலோ கேக்கும், அதையும் குடுத்தா எரரோட நிக்கும்.

இனி 75ல லோக்கல் கிலோ எண்டு போட்டு ரன் பண்ணிப் பாருங்க. ஒரு மூட்டையோட நிண்டுடும், ஏனெண்டா ப்ராக்க விட்டு வெளிய வரக்குள்ள கிலோ பழையபடி 0 ஆகிடும், அன்டில் பாக்கிறது அந்த 0வத்தான். லோக்கல், குளோபல் எண்டு பாடத்துல பக்கம் பக்கமா வாசிக்கிறது இதுதான். பாத்திட்டு 75 எண்டு மட்டும் அடிச்சு என்டர் தட்டுங்க, அந்த லைன் போயிடும்.

விலையும் வேணுமெண்டா, விடைய திருப்பித் தாற ஃபங்ஷனுக்கு எஃப்என் (FN), 110ல டெஃப் எஃப்என்விலை(ஆர்)=டோட்டல்*ஆர், 55ல பிரின்ட் எஃப்என்விலை(120), அடைப்புக்குள்ள அண்டைக்கு ஒரு கிலோ போற விலையப் போடுங்க.