போர்ட்ரெய்ட் படத்துக்கு உடை: கண்ணாடி காட்டிக்கொடுக்காத தவறுகள்

கண்ணாடி முன் நின்றபடி உடையை முடிவு செய்வதுதான் முதல் தவறு. கண்ணாடியில் தலை முதல் கால் வரை பார்க்கிறோம். போர்ட்ரெய்ட், அதாவது ஒருவரின் முகத்தை முதன்மையாக்கி எடுக்கும் படம், பெரும்பாலும் மார்போடு நின்றுவிடும். அங்கே கண்ணில் படுவது காலர், தோள் தையல், மேல் பொத்தான் இவைதான். தோள் தையல் கைப்பக்கம் இறங்கியிருந்தால், எவ்வளவு நல்ல சட்டையும் இரவல் வாங்கியதுபோல் தெரியும்.

அதிகம் கெடுப்பது பொடிக்கட்டமும் மெல்லிய கோடும். நெருக்கமான கோடுகள் கேமரா சென்சாரின் பிக்சல் வரிசையோடு ஒத்துப்போகாமல் மோதும்போது, துணியில் இல்லாத அலைகளும் வண்ணத் திட்டுகளும் படத்தில் முளைக்கும். இதை மொய்ரே என்பார்கள். எடிட்டிங்கில் முழுதாகப் போக்குவது பெரும்பாடு. பெரிய படத்தில் தெரியாதது, சுயவிவரப் படமாகச் சுருக்கும்போது திடீரென்று தலைகாட்டுவதும் உண்டு. கோடு வேண்டும் என்றால் அகலமான, இடைவெளி விட்ட கோடாக இருக்கட்டும். ஒரே நிறத் துணி இன்னும் பாதுகாப்பு.

பளீர் பச்சை, ஃப்ளூரசன்ட் ஆரஞ்சு போன்ற நிறங்கள் துணியோடு நிற்பதில்லை. துணியில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் தாடையின் அடியிலும் கழுத்திலும் அந்த நிறத்தையே பூசிவிடும். முகத்தின் ஒரு பகுதி மட்டும் நிறம் மாறுவதால் ஒயிட் பேலன்ஸை, அதாவது படம் முழுவதன் நிறச் சாயலைச் சரிசெய்யும் அமைப்பை, மாற்றினாலும் சரியாகாது. அதைச் சரிசெய்தால் நெற்றியின் நிறம் கெடும்.

தூய வெள்ளையும் கருப்பும் தடை இல்லை, ஆனால் கவனம் தேவை. கேமராவில் வெளிச்சத்தை அளக்கும் மீட்டர், காட்சியின் சராசரி வெளிச்சத்தை நடுத்தரச் சாம்பல் அளவுக்குக் கொண்டுவரப் பார்க்கும். வெள்ளை உடை படத்தின் பெரும்பகுதியை நிறைத்தால் முகம் இருண்டுபோகும். முகத்துக்காக வெளிச்சத்தைக் கூட்டினால் துணியின் மடிப்பும் நெசவும் வெளிறி மறையும். கருப்பு உடையோடு கருப்புப் பின்னணி சேர்ந்தால் தலை மட்டும் மிதக்கும். வெள்ளைக்குப் பதில் தந்த நிறம், கருப்புக்குப் பதில் அடர்நீலம் என்று ஒரு படி தள்ளி நின்றால் போதும். பின்னணியின் நிறத்தை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

முந்தைய நாளே உடுத்தி, உட்கார்ந்து, ஃபிளாஷ் போட்டு மொபைலில் ஒரு படம் எடுத்துப் பாருங்கள். சாதாரண வெளிச்சத்தில் கெட்டியாகத் தெரியும் மெல்லிய துணி, ஃபிளாஷில் உள்ளாடையைக் காட்டிவிடும். சாட்டின் துணி ஆங்காங்கே பளபளத்து வெள்ளைத் திட்டு போடும். உட்காரும்போது கோட் தோளில் தூக்கிக்கொண்டால், பொத்தானைக் கழற்றி, கோட்டின் பின் விளிம்பின்மேல் உட்கார்ந்தால் சரியாகும்.

புதுச் சட்டையை டப்பாவிலிருந்து எடுத்து அப்படியே போடாதீர்கள். அட்டை மடிப்பின் தடம் மார்பின் குறுக்கே கோடாக நிற்கும். இஸ்திரி போட்டு, ஹேங்கரில் கொண்டுபோய், அங்கேயே மாற்றுங்கள். பயணத்தில் சீட் பெல்ட் போடும் சுருக்கமும் இதனால் தப்பும். இறுக்கமான கடிகாரப் பட்டையைக் குறைந்தது அரை மணி நேரம் முன்பே கழற்றுங்கள். தோலில் பதிந்த தடம் உடனே மறையாது.

வெயிலில் கருக்கும் மூக்குக்கண்ணாடி இருந்தால், வெளிப்புறப் படத்துக்குச் சாதாரணக் கண்ணாடியைக் கொண்டுபோங்கள். கண் தெரியாத போர்ட்ரெய்ட்டால் பயனில்லை.

குழுப் படத்தில் எல்லோரும் ஒரே நிறம் அணிந்தால் உடல்கள் ஒன்றோடொன்று ஒட்டிப்போகும். ஒத்துப்போகும் மூன்று நான்கு சாயல்களைப் பிரித்துக்கொள்ளுங்கள்.

உடை கொஞ்சம் தளர்ந்திருந்தால் கவலை வேண்டாம். முதுகுப் பக்கம் துணியை இழுத்து இரண்டு கிளிப் போட்டுவிடலாம். கேமரா முன்பக்கத்தைத்தானே பார்க்கிறது.