மூன்று துப்பாக்கிப் போட்டிக்கு 1-6 ஸ்கோப்: என் அனுபவம்

டெக்சாஸில் நான் சுடும் த்ரீ-கன் (ரைஃபிள், கைத்துப்பாக்கி, ஷாட்கன் மூன்றாலும் சுடும்) போட்டிகளில் 10 கெஜத்தில் அட்டை இலக்கும் வரும், 300 கெஜத்தில் இரும்புத் தகடும் வரும். அதற்காக ரைஃபிளில் 1 முதல் 10 மடங்குவரை பெரிதாக்கிக் காட்டும் 1-10 ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி) வைத்திருந்தேன். தொல்லை என்னவென்றால், மூச்சிரைக்க ஓடிவந்து மண்டியிட்டுப் பார்த்தால் பாதி நேரம் கறுப்பு வளையம்தான் தெரியும்.

காரணம் எளிய கணக்கு. முன்கண்ணாடி 24 மி.மீ. 10 மடங்கில் கண்ணுக்கு வந்துசேரும் ஒளிவட்டம் வெறும் 2.4 மி.மீ.; தலை கொஞ்சம் நகர்ந்தாலும் படம் போய்விடும். 6 மடங்கில் அதுவே 4 மி.மீ. சரி என்று 1-6க்கு மாறினேன். தகடு சின்னதாகத்தான் தெரிகிறது, ஆனால் சட்டென்று தெரிகிறது. ஓடிக்கொண்டே சுடுகிறவருக்கு அதுதான் முக்கியம்.

அப்புறம் பொருத்தும் விதம். பூட்டுவதற்கு முன்பே ஸ்கோப்பைக் கையில் பிடித்து, 1 மடங்கில் இரண்டு கண்ணையும் திறந்து, கதவுச் சட்டம் உள்ளேயும் வெளியேயும் ஒரே கோடாக ஓடும்வரை டயாப்டர் வளையத்தை (கண் வைக்கும் பக்கத்தில் பார்வைக்கேற்பத் திருத்தும் வளையம்) திருப்பினேன். கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் இடையிலான தூரத்தை மட்டும் 6 மடங்கில், படுத்தும் நின்றும் பார்த்து முடிவு செய்தேன்.

இது இரண்டாம் குவியத்தள மாடல்; அதாவது மடங்கை மாற்றினாலும் குறிக்கோடுகள் அதே அளவில்தான் தெரியும். அதனால் தூரத்துக்கு ஏற்ப உயர்த்திக் குறிபார்க்க உதவும் கீழ்க்கோடுகள் முழு மடங்கில்தான் சரியான அளவு காட்டும். அதனால் தூரத் தகடு என்றால் யோசிக்காமல் மடங்கு வளையத்தை 6க்குத் திருப்பிவிடுகிறேன்.