எல்லாக் கணினிக்கும் அனுப்பும் முன்

நிறுவனத்தின் கணினிகளில் தானாகவே ஏறும்படி மென்பொருளைப் பேக்கேஜ் செய்யும் வேலைக்குப் புதிதாக வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது இதுதான்: "சிஸ்டம் கணக்கில் (விண்டோஸ் தன் சர்வீஸ்களுக்கு வைத்திருக்கும் கணக்கில்) ஓட்டிப் பார்த்தீர்களா?" பெரும்பாலும், "என் மெஷினில் நன்றாக ஓடுகிறதே" என்பார்கள். நம் மெஷினில் நமக்குத் திரை இருக்கிறது, மவுஸ் கையில் இருக்கிறது. பல கணினிகளுக்கு மென்பொருளை அனுப்பும் இன்ட்யூனோ எஸ்சிசிஎம்மோ அந்தக் கணக்கில் நிறுவும்போது அங்கே யாரும் உட்கார்ந்திருப்பதில்லை.

ஒரு லேபிள் பிரின்டர் மென்பொருள்தான் எனக்கு இதைப் புரியவைத்தது. கையால் நிறுவினால் இரண்டு நிமிடம். இன்ட்யூன் வழியாக அனுப்பினால் ஒவ்வொரு மெஷினிலும் 60 நிமிடம் அப்படியே நின்று, பிறகு தோல்வி என்று வந்தது. 60 நிமிடம் என்பது இன்ட்யூன் வழக்கமாகக் காத்திருக்கும் நேரம். நடந்தது இது: டிரைவர் ஏறும் இடத்தில் "இந்த வெளியீட்டாளரை நம்பலாமா?" என்று விண்டோஸ் ஒரு பெட்டியைத் திறந்து காத்திருந்தது. விஸ்டா முதல் சர்வீஸ்கள் ஓடும் 0-ஆம் செஷன் பயனரின் திரையிலிருந்து பிரிக்கப்பட்டிருக்கிறது. அங்கே திறக்கும் பெட்டி யார் கண்ணிலும் படாது. என் மெஷினில் ஏன் கேட்கவில்லை? முதல் நாளே "எப்போதும் நம்பு" என்று டிக் செய்திருந்தேன். டிரைவரில் கையெழுத்திட்ட சான்றிதழை 'டிரஸ்டட் பப்ளிஷர்ஸ்' ஸ்டோரில் முன்கூட்டியே ஏற்றும்படி பேக்கேஜை மாற்றினேன்; சரியாகிவிட்டது.

அதனால் உங்கள் சொந்த மெஷினில் சோதிக்காதீர்கள். எதுவும் நிறுவாத ஒரு விர்ச்சுவல் மெஷினை எடுத்து, அதன் அப்போதைய நிலையை ஸ்னாப்ஷாட்டாக வைத்துக்கொள்ளுங்கள். பிஎஸ்எக்ஸெக் கருவியை எஸ், ஐ என்ற இரண்டு ஸ்விட்ச்களோடு ஓட்டினால் சிஸ்டம் கணக்கில் ஒரு கமாண்ட் விண்டோ திறக்கும். நிறுவும் கட்டளையை அதில் கொடுங்கள். ஏதாவது பெட்டி வந்தால் இப்போது கண்ணெதிரே வரும். அப்புறம் ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்பி, ஐ இல்லாமல், அதாவது திரையில் காட்டாமல், ஒருமுறை ஓட்டுங்கள்.

சிஸ்டம் கணக்கில் 'கரன்ட் யூசர்' ரெஜிஸ்ட்ரியும் 'ஆப்டேட்டா' ஃபோல்டரும் அந்தக் கணக்குக்கே உரியவை. லைசன்ஸ் சர்வர் முகவரியை அங்கே எழுதினால் பயனருக்குப் போய்ச் சேராது. மெஷின் அளவில் எழுத வழியிருந்தால் அதையே பிடித்துக்கொள்ளுங்கள்.

விண்டோஸ் இன்ஸ்டாலருக்கான எம்எஸ்ஐ கோப்பு கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. விற்பனையாளரின் எம்எஸ்ஐயை நேரடியாகத் திருத்த வேண்டாம்; மாற்றங்களை அதனோடு சேர்த்துக் கொடுக்கும் எம்எஸ்டி கோப்பில் வையுங்கள். இஎக்ஸ்இ என்றால் அது எந்த நிறுவல் கருவியில் கட்டப்பட்டது என்று பாருங்கள்; கேள்வி கேட்காமல் நிறுவச் சொல்லும் ஸ்விட்ச் அதைப் பொறுத்தது. இன்னோ செட்டப்பில் 'சைலன்ட்' மட்டும் கொடுத்தால் முன்னேற்றப் பட்டை தெரியும். அதுவும் வேண்டாமென்றால் 'வெரிசைலன்ட்'. என்எஸ்ஐஎஸ்ஸில் அந்த ஸ்விட்ச் எஸ்; அது பெரிய எழுத்தாகவே இருக்க வேண்டும்.

எதுவானாலும் என்ன நடந்தது என்ற பதிவை, அதாவது லாக், எழுத வையுங்கள். 1603 என்ற பொதுவான தோல்வி எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு எதையும் கண்டுபிடிக்க முடியாது. எம்எஸ்ஐயின் விரிவான லாக் ஆயிரக்கணக்கான வரி வரும், முழுவதும் படிக்காதீர்கள். 'ரிட்டர்ன் வேல்யூ 3' என்று தேடுங்கள். முதலில் அகப்படும் இடத்துக்குச் சற்று மேலே காரணம் இருக்கும்: திறக்க முடியாத கோப்பு, தொடங்காத சர்வீஸ், ஏதோ ஒன்று. 1618 என்றால் வேறொரு நிறுவல் ஓடிக்கொண்டிருக்கிறது, பிறகு முயலலாம். 3010 தோல்வி அல்ல. நிறுவியாயிற்று, ரீஸ்டார்ட் மட்டும் பாக்கி.

அடுத்தது டிடெக்‌ஷன் விதி. மென்பொருள் மெஷினில் இருக்கிறதா என்று அனுப்பும் கருவி இதை வைத்துத்தான் முடிவு செய்யும். நிறுவல் சரியாக இருந்தும் இந்த விதியால் கெட்டுப்போன பேக்கேஜ்கள் நிறையப் பார்த்திருக்கிறேன். தானாகவே அப்டேட் ஆகும் பிரவுசருக்கு "இந்தப் பதிப்புக்குச் சமம்" என்று விதி வைத்தால், அப்டேட் ஆன மறுநாளே அது நிறுவப்படவில்லை என்று கருவி முடிவுகட்டி, பழையதை மறுபடி ஏற்றப் பார்க்கும். "இந்தப் பதிப்பு அல்லது அதற்கு மேல்" என்று வையுங்கள். ஸ்கிரிப்டில் தேடுகிறீர்களா? விண்டோஸிடம் தகவல் கேட்கும் டபிள்யூஎம்ஐயில் 'வின்32 புராடக்ட்' என்ற வகுப்பைத் தொடவே தொடாதீர்கள். வெறுமனே பட்டியல் கேட்டாலே நிறுவியிருக்கும் ஒவ்வொரு எம்எஸ்ஐயையும் சரிபார்க்கத் தொடங்கிவிடும். சிலவற்றை ரிப்பேரும் செய்துவிடும். ரெஜிஸ்ட்ரியின் அன்இன்ஸ்டால் பகுதியைப் பார்த்தால் போதும், 64 பிட், 32 பிட் இரண்டையும்.

நீக்கும் கட்டளையையும் அதே விர்ச்சுவல் மெஷினில் ஓட்டிப் பாருங்கள். நீக்கிய பின் டிடெக்‌ஷன் "இல்லை" என்று சொல்கிறதா என்பதையும் பாருங்கள்.

எல்லோருக்கும் ஒரே நேரத்தில் அனுப்பாதீர்கள்: முதலில் ஐடி ஆட்கள், பிறகு துறைக்கு ஓரிருவர், பிறகு எல்லோரும். கணக்குத் துறைக்கு மாதக் கடைசியில் நான் எதையும் அனுப்புவதில்லை. மென்பொருள் திறந்திருந்தால் பலவந்தமாக மூடவும் மாட்டேன்; சேமிக்காத வேலை அதில் இருக்கலாம். தள்ளிப்போட வாய்ப்புக் கொடுங்கள். பேக்கேஜை அனுப்புவதற்கு முந்தைய நாளே, லாக் எங்கே இருக்கிறது என்பதை ஹெல்ப்டெஸ்க்கிடம் சொல்லிவிடுங்கள். முதல் ஃபோன் அவர்களுக்குத்தான் போகும்.