பாலாற்றில் தடுப்பணை: பாதிப்பை அளப்பது எப்படி

பாலாறு பெரும்பாலும் மணலாகத்தான் கிடக்கும். ஓட்டம் மணலுக்கு அடியில். ஆகவே பாதிப்பை முதலில் கிணறுகளில் தேடுங்கள். அணைக்கு மேலும் கீழும், மே மாதம் ஒருமுறை, பருவமழை ஓய்ந்த ஜனவரியில் ஒருமுறை நீர்மட்டம் பாருங்கள். மோட்டார் நின்ற உடனே அளந்தால் கணக்கு பொய்க்கும். இரவு முழுக்க ஓய்வு விட்டு, விடியற்காலையில் அளந்து, சுற்றுச்சுவர் உயரத்தைக் கழித்துக்கொள்ளுங்கள்.

வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை என்றால் வேலை கூடும். தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு படிந்த மண்ணில் நீரைத் தேக்கினால் உப்பும் குரோமியமும் கிணற்றுக்கு இறங்கலாம். 'நிலத்தடி நீர் பெருகும்' என்று ஒரே வரியில் அறிக்கையை முடிப்பது இங்கே செல்லாது. மொத்தக் குரோமியத்தைச் சோதிக்கக் கிணற்று நீர் எடுக்கும் குப்பியில் நைட்ரிக் அமிலம் விட்டு பிஎச் அளவை 2-க்குக் கீழே இறக்குங்கள். குடிநீரில் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. கரைந்த உப்புக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம். வேறு நீரே இல்லாவிட்டால் 2000 வரை. உப்புக்கான குப்பியில் அமிலம் கலக்காதீர்கள், அளவு கெட்டுவிடும்.

அணை மணலையும் பிடித்துவைக்கும். மணல் வராத கீழ்ப்பகுதியில் படுகை அரித்து இறங்கும், கரையோரக் கிணறும் கூடவே இறங்கும். கட்டுமுன் ஆற்றின் குறுக்குவெட்டு மட்டங்களை (கரைக்குக் கரை படுகையின் உயரத்தை) எடுத்துவையுங்கள். வாலாஜா அருகிலுள்ள அணைக்கட்டுக்கு நீர் வரும் பக்கத்தில் தடுப்பணை கட்டுவதானால், காவேரிப்பாக்கம் ஏரிக்குப் போகும் நீர் எவ்வளவு குறையும் என்பதையும் மழை குறைந்த ஆண்டை வைத்துக் கணக்கிடுங்கள்.